தெரு நனைக்கும்

“கோடாம், கோடு! என் உள்ளங்கையில ஓடுதே, அதுக்குப் பேரு கோடு. இது வெடிப்பு. குனிஞ்சு பாரு மூர்த்தி, என் நகம் உள்ள போவுது!”

“கத்தாதீங்க பீவிம்மா. மேலாப்ல விட்டிருக்கு, அவ்வளவுதான். சிமெண்டுப் பால் ஊத்தினா மூடிக்கும். பின்பாதியப் பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு.”

“சரிதான். மருமவ பின்பாதியில படுக்கட்டும், எம் மவன் முன்பாதியில படுத்துத் தொபுக்கடீர்னு கடைக்குள்ள விழட்டும். காலையில பருப்பு மூட்டை மேலருந்து எழுப்பிக்கிறேன்.”

யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கின் அந்தக் குறுக்குத் தெருவுக்கு வாயைவிடக் காது பெரிது. அடுக்குமாடிகளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த துணியைப் பிழியாமலே நின்றார்கள். மூட்டு வலியென்று தன் பலசரக்குக் கடையின் வாசற்படியைக்கூடத் தாண்டாத மதீனா பீவி, மூங்கில் ஏணியில் ஏறித் தன் கடைமேல் போட்ட புதுக் காங்கிரீட் தளத்தில் நிற்கிறாள் என்றால், கோபத்தின் அளவை யோசித்துக்கொள்ளலாம். எதிரே விநாயகமூர்த்தி, இடுப்பில் தீமிதி மஞ்சள் வேட்டியும் தலையில் வெள்ளை ஹெல்மெட்டுமாகக் குதிகாலில் நின்றான். முன்பாதம் இரண்டும் கொப்புளம். குண்டத்தில் கொப்புளம் போட்டால் பக்தியில் குறை என்பார்கள். தெரு அதையும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தது.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஆண்கள் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். மனைவியைத் தேடினான். சத்யபாமா ஏணியின் நடுப்படியில், வாளியோடு, ஏறவுமில்லாமல் இறங்கவுமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“பாமா, நீ சொல்லு. தெரு நனைச்சுதா இல்லியா? நனைக்குதுன்னுதானே கோயில்ல வந்து சொன்ன?”

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. சத்யபாமா வாளியைப் பார்த்தாள். அதன் அடியில் ஒரு கை தண்ணீர் மிச்சமிருந்தது.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

விநாயகமூர்த்தி தாமுவேயில் ஒரு சீனக் காண்டிராக்டரிடம் காங்கிரீட் மேஸ்திரியாக இருந்தான். தலைமயிர் கொட்டும்வரை இருந்தான். ஒரு நாள் அந்த முதலாளி கலவை மெஷினை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பாங்காக் போய்விட்டார். கூட வேலை பார்த்தவன் மலேசியாவில் இருந்தான். ஜொகூரில் ஆள் கேட்கிறார்கள், வயது நாற்பது தாண்டிவிட்டதால் பட்டாளக் கெடுபிடி உனக்கு இல்லை, உடனே வா என்று தினமும் போன் செய்தான். மலேசியா போனவர்கள் திரும்பி வந்து சத்யபாமா பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுக்குப் பணம் வந்தது, படம் வந்தது. மூன்றாம் மாடி ராணிக்கு வந்த படத்தில் புருஷன் பக்கத்தில் இன்னொருத்தியும் வந்தாள். போன் வருகிற நேரத்துக்கெல்லாம் சத்யபாமா அடுப்பில் எதையாவது தாளித்தாள், கடுகு வெடிக்கிற சத்தத்தில் ஜொகூர் கேட்காமல் போகட்டும் என்று.

அப்புறம் ஒரு நாள் அவனே வந்து சொன்னான், “சொந்தமா லைசென்ஸ் எடுக்கப்போறேன். கிடைச்சிருச்சுன்னா மலேசியா கிலேசியா ஒண்ணும் இல்ல. இங்கனயே தொழில்.” அன்றைக்கு அவள் ரவா கேசரி செய்தாள். வாசனையிலேயே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

காங்கிரீட் ஒப்பந்தக்காரர் லைசென்சுக்கு இரண்டு படி. ஒன்று, பர்மியத்தில் எழுத்துத் தேர்வு. இரண்டு, விண்ணப்பம் போட்டவன் தன் பொறுப்பில் ஒரு தளம் போட்டுக் காட்ட வேண்டும், பரீட்சை செய்யும் அதிகாரி, சயா என்பார்கள், நேரில் வந்து பார்ப்பார். விநாயகமூர்த்தி விண்ணப்பம் வாங்குமுன் ஹெல்மெட் வாங்கினான். மேஸ்திரிகள் மஞ்சள் போடுவார்கள், வெள்ளை முதலாளிக்கு. அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய் லபெயே குடித்தான். கூரையே இல்லாத நடைபாதைக் கடை, தலையில் விழ வானம்தான் பாக்கி. ‘விநாயகா காங்கிரீட்’ என்று தமிழிலும் பர்மியத்திலும் பலகை எழுதி மாடிப்படி வாசலில் தொங்கவிட்டான். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் தலையில் இடித்துக்கொண்டார்கள், பிள்ளையாரை நினைத்துக்கொண்டார்கள்.

அவன் பர்மியம் பேசினால் பர்மாக்காரனே அசருவான். படிக்கச் சொன்னால்தான் எழுத்துக் கூட்டுவான். சத்யபாமா பத்தாவதுவரை பர்மியப் பள்ளிக்கூடம், போட்டாதாங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலையே படிக்கிறவளுக்கு அச்சடித்த புத்தகம் எம்மாத்திரம்? வேலை முடிந்து வந்து, கரண்டு இல்லாத அடுப்படியில் கைவிளக்கைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, குழம்பைக் கிண்டியபடி அவள் வாசிப்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். ஜல்லி அளவு, கம்பி இடைவெளி, கலவைக்கு எவ்வளவு தண்ணீர். சுவர் மெல்லிசு. இரண்டு மாதத்தில் அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் தேர்வு எழுதத் தயாராகிவிட்டார்கள்.

“காங்கிரீட் இறுகுறதுக்கு ஒரு வாரமாவது காயாம ஈரமா வச்சிருக்கணும். பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தலாம், இல்ல சாக்குப் போட்டு நனைக்கலாம்.”

“தெரியும், தெரியும். அடுத்தது படி.”

“கோடையில ரெண்டு பங்கு கவனமா இருக்கணும்னு போட்டிருக்குங்க.”

“கோடைன்னா திஞ்சான். திஞ்சான்னா தண்ணி. தெரு நனைக்கும், நீ படி.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தான். மதீனா பீவியின் கடை, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே பல் விழுந்த இடம் மாதிரி ஒற்றை மாடியாக இருந்தது. மகன் அஷ்ஃபாக்குக்குப் போட்டாதாங்கில் ஷப்னத்தைப் பேசி முடித்திருந்தாள். தகரக் கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் மகனுக்கு ஓர் அறை எழுப்ப வேண்டும். அதுதான் விநாயகா காங்கிரீட்டின் முதல் வேலை, சயாவுக்குக் காட்டப்போகும் வேலையும் அதுதான். கடைக்கு எதிர்முக்கில்தான் வருஷா வருஷம் பர்மியப் புத்தாண்டுக்கு, அதாவது திஞ்சானுக்கு, பந்தல் போடுவார்கள். பம்பு வைத்து, தீயணைப்புக்காரர்கள் மாதிரி குழாய் பிடித்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை போகிற வருகிறவர்கள்மேல் அடிப்பார்கள். போன வருஷம் அந்தத் தண்ணீர் மதீனா பீவியின் தகரத்தையே பெயர்த்தது. “தகரத்தப் பேத்த தண்ணி தளத்த இறுக்கித் தராதா?” என்றான். தளம் போட்ட மறுநாள் திஞ்சான் தொடங்க வேண்டும். ஊர்ச் செலவில் ஒரு வாரம் நனையும்.

ஊர்ச் செலவு அவனுக்குத் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. லைசென்ஸ் கிடைக்க வேண்டுமென்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அந்த வருஷத் தீமிதிக்குப் பெயர் கொடுத்திருந்தான். காப்புக் கட்டிவிட்டால் தீ மிதிக்கும்வரை தாமுவே கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான். காப்பு நாளும் திஞ்சானும் ஒட்டி வந்தன. ஆக, லைசென்சுக்காகப் போட்ட தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய வாரம் முழுக்க, அதே லைசென்சுக்காக அவன் கோயிலில் அடைந்து கிடப்பான். இப்படி ஒரு திட்டம் வேறு எந்தக் காண்டிராக்டருக்குத் தோன்றும்?

திஞ்சானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பூமி ஆடியது. யாங்கோனில் கட்டடங்கள் ஊஞ்சல் மாதிரி அசைந்து நின்றன, அவ்வளவுதான். வடக்கே சகாயிங், மண்டலே பக்கம் நின்றது எதுவுமில்லை. சத்யபாமா கேட்டாள், “கொஞ்சம் தள்ளிப் போடலாமாங்க?” கம்பி கட்டியாயிற்று, பலகை அடித்தாயிற்று, சயா வரும் தேதி குறித்தாயிற்று, காப்பு நாளை அம்மனே மாற்ற முடியாது. விநாயகமூர்த்தி போட்டான்.

போட்ட நாள் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சித்தாள்கள் வரிசையில் நின்று சட்டி மாற்ற, மதீனா பீவி எல்லோருக்கும் பலூடா கொடுத்தாள். “ஏ பாமா, உம் புருஷன் மொதலாளி ஆயிட்டான். இனிமே எங்கிட்ட கடனுக்குப் பருப்புக் கேக்காத,” என்றாள். சத்யபாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் சித்தாள்கள் விடுமுறைக்குப் பெகூ பஸ் ஏறினார்கள். அவன் கையில் மஞ்சள் கயிறு ஏறியது.

மறுநாள் காலை எதிர்முக்கில் பந்தல் இல்லை. ஒரு மேசை இருந்தது. மேசைமேல் வெள்ளிக் கிண்ணங்கள். தெருப் பையன்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காகக் காசு வாங்கி, கொடுத்தவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. ஒரு குழந்தை துப்பாக்கியில் நீர் பீய்ச்சியது, அதன் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

சத்யபாமா மேசைக்குப் போனாள். கிண்ணத்தில் தன் பங்கைப் போட்டாள். அப்புறம் தயங்கித் தயங்கி, குழாயை எடுத்து அந்தத் தளத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டாள்.

“பம்பு, குழாய் எல்லாத்தையும் சகாயிங்குக்கு அனுப்பிட்டோம், மா பாமா,” என்றான் ஒரு பையன், பர்மியத்தில், அவ்வளவு மரியாதையாக. “அங்க கிணறு கலங்கிப் போச்சாம்.”

நல்லது செய்திருக்கிறார்கள். கோபப்படக்கூட ஆளில்லாமல் அவள் வீடு திரும்பி வாளியை எடுத்தாள்.

மோட்டார் போடக் கரண்டு வேண்டும். கரண்டு நினைத்தபோது வந்தது. ‘மீ லாபி’, கரண்டு வந்தாச்சு, என்று பிள்ளைகள் கத்திய குரல் அடங்குமுன் போனது. அதற்குள் கீழே இருந்த பீப்பாய் பாதி நிறையும். அங்கிருந்து ஏணியில் வாளி வாளியாக மேலே. அஷ்ஃபாக் ஓடி வந்து ஒரு வாளியைப் பிடுங்கினான். மதீனா பீவி உள்ளிருந்து அலறினாள், “எறங்குடா! வெட்டவெளியில நின்னு வயசக் காட்டிக்கிட்டு!” வயசுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பெயர் எழுதிப் பிடித்துப் போகிற காலம். இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் பகலில் கூரைமேல் நிற்கலாமா? அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான். பீவி கடைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, சத்யபாமா ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தாள். முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் ஊற்றிய தண்ணீர் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்தது. முழுத் தளத்துக்கும் தன் உடம்பு காணாது என்று அன்று மத்தியானமே சத்யபாமாவுக்குத் தெரிந்துவிட்டது. பின்பாதியில் பாத்தி கட்டிச் சாக்கு விரித்தாள். தெருப் பார்த்த முன்பாதியைத் தெருவுக்கு விட்டாள். நாளைக்காவது யாராவது பந்தல் போடலாம், ஒரு மழை பெய்யலாம். ஊரில் ஆயிரம் நடக்கிறது, ஒரு மழைதானா பெய்யாது?

பெய்யவில்லை. இரண்டாம் நாள் அவள் பஸ் பிடித்துத் தாமுவே கோயிலுக்குப் போனாள். எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வேட்டியில் அவன் உட்கார்ந்திருந்தான். தாடியும் விபூதியுமாக முகம் இளைத்து, ஆனால் அவள் பல வருஷமாகப் பார்க்காத ஒரு நிம்மதியோடு. தேர்வுப் புத்தகத்தின் விடைகளை அவன் சுலோகம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகப் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“தெரு நனைக்குதா?” என்றான், அவளைப் பார்த்ததும்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் அவள் நாக்கில்தான் இருந்தது. வாங்க, தளம் காயுது. அதைச் சொன்னால் அவன் கயிற்றைத் தாண்டுவான். காப்போடு எல்லை தாண்டியவன் தேர்வில் தோற்றால், அம்மன் கோபம் என்பார்கள், அவளும் நம்புவாள். ஒருவேளை தாண்டாமல் அங்கேயே உட்கார்ந்து புழுங்கினால், அந்த மனசோடுதானே நெருப்பில் இறங்குவான்? எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஜொகூர் நின்றது.

“நனைக்குதுங்க,” என்றாள்.

“நான் சொல்லல?” என்று சிரித்தான். அவளுக்குத் திருநீறு பூசிவிட்டான். கயிற்றுக்கு மேலாகத்தான்.

இனி ஏணியின் நடுப்படிக்கு வரலாம். தெரு காத்துக்கொண்டிருந்தது.

“நனைக்கல,” என்றாள் சத்யபாமா. “தெருவுல பந்தலே போடல. பின்பாதிக்கு நான் ஊத்தினேன். அதுக்கு மேல என்னால முடியல.”

வெடிப்பு சரியாக அவள் சாக்கு முடிந்த இடத்தில் பிறந்து, குழந்தை கிறுக்கியதுபோலக் கிளைவிட்டு, தெருவைப் பார்க்க ஓடியிருந்தது. விநாயகமூர்த்தி அந்தக் கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எதிர்முக்கில் மேசை இருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மதீனா பீவிக்குத் திட்டு பாக்கி இருந்தது. வாயைத் திறந்தாள். அப்புறம், “நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் பாமா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, யாராவது என்னை இறக்கிவிடுங்கடா என்று கீழே கூப்பிட்டாள். ஏறும்போது இல்லாத மூட்டு வலி இறங்கும்போது வந்துவிட்டது. அவளை இறக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. வேறு நாளாக இருந்தால் தெரு அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருக்கும்.

சயா சொன்ன தேதியில் வந்தார். மெலிந்த மனிதர், குடை வைத்திருந்தார். வெடிப்பை விநாயகமூர்த்தி சிமெண்டுப் பால் ஊற்றி மூடியிருந்தான். அது இன்னும் வெளுப்பாக, வகிடு எடுத்த மாதிரி தெரிந்தது. சயா சுத்தியலால் அங்கங்கே தட்டினார். பின்பாதியில் ‘ணங்’ என்றது. முன்பாதியில் வேறு மாதிரி என்னவோ சொன்னது. படம் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கி மதீனா பீவியின் சமோசாவைச் சாப்பிட்டு, லபெயே குடித்து, “கௌன்பாடே, கோ மூர்த்தி, கௌன்பாடே,” என்றார். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு.

“பாத்தியா? நல்லாயிருக்குன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு!” என்று விநாயகமூர்த்தி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மருந்துக்கடையில், பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளிக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் சத்யபாமாவும் அப்படித்தான் பேசுவாள். இந்த ஊரில் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

எழுத்துத் தேர்வில் அவன் நன்றாகவே தேறினான். காங்கிரீட்டை எத்தனை நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்ற கேள்வி வந்திருந்தது. சரியாக எழுதியிருந்தான். வேலைப் பரிசோதனையில் தேறவில்லை. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. அதைச் சத்யபாமாதான் வாசித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

ஜொகூர் போகும் நாளன்று பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டான். “கோயில்லயே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?”

“அதான் சொல்லல.”

அவன் ஜிப்பை மறுபடி இழுத்தான். பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. அவள் வந்து எண்ணெய் தொட்டுப் பூசி மூடிக் கொடுத்தாள்.

அஷ்ஃபாக்குக்கும் ஷப்னத்துக்கும் மழைக்காலத்தில் நிக்காஹ் நடந்தது. தளத்தின்மேல் அறை எழுப்ப எந்தக் கொத்தனாரும் ஒப்பவில்லை. ஷப்னத்தின் மாமா போட்டாதாங்கில் ஒரு பின்கட்டு கொடுத்தார், அங்கே சில மாதம் இருந்தார்கள். பிறகு ஒருநாள் இரண்டு பேரும் எல்லை தாண்டித் தாய்லாந்தில் மெசாட் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு. மதீனா பீவியைக் கேட்டால், “புள்ளைங்க விருந்துக்குப் போயிருக்கு,” என்பாள். இவ்வளவு நீளமான விருந்தைத் தெரு கேள்விப்பட்டதில்லை, இருந்தும் யாரும் துருவவில்லை. மூன்றாம் மாடி ராணி மறுகல்யாணம் செய்துகொண்டு தாமுவேக்குப் போனாள். போகும்போது அவள் தலையும் பலகையில் இடித்தது. விநாயகமூர்த்தி ஜொகூரில் யாருடைய லைசென்சிலோ தளம் போடுகிறான். அங்கே மஞ்சள் ஹெல்மெட்தான். வெள்ளையில் சத்யபாமா பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த திஞ்சானுக்கு எதிர்முக்கில் பந்தல் போட்டார்கள். புதுப் பம்பு, புதுக் குழாய். பாட்டு காதைக் கிழித்தது. பையன்கள் பிடித்த தண்ணீர் தெருவைத் தாண்டி வளைந்து, மதீனா பீவியின் வெறுந்தளத்தில் நாள் முழுக்கக் கொட்டியது. முன்பாதியில் குளமாக நின்று, சந்தனம் கரைந்தது மாதிரி அழுக்கோடு சுழன்று, வெடிப்பில் இறங்கியது. கடைக்குள் துவரம்பருப்பு மூட்டைக்கு நேர்மேலே சொட்டியது. பீவி மூட்டையை நகர்த்திவிட்டு அங்கே ஓர் அண்டாவை வைத்தாள். அது நிரம்பினால் தூக்க அவளால் ஆகாது. “ஏ பாமா!” என்று குரல் கொடுப்பாள். சத்யபாமா படியிறங்கி வந்து, பலகைக்குத் தலையைக் குனிந்து, தெருவில் இறங்கும்போதே நனைந்து, தளும்பத் தளும்ப அந்த அண்டாவை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வருவாள். மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.